தூதர் நியமனக் கோப்பு: ஆர்டிஐயா, எம்.பி.யா, ஆவணக் காப்பகமா, அயல்நாட்டு அரசா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெளியுறவு அமைச்சகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாஸ்போர்ட். அடுத்தது, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவருக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் நாம் தேடுகிற இந்தியத் தூதரகம். கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சரக்கு போகிற நாட்டில் நம் தூதரகத்தின் வணிகப் பிரிவு சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தொழில் விஷயம். ஆனால் அந்தத் தூதரை யார், எதைப் பார்த்து அனுப்பினார்கள் என்று கேட்டால், "ஒரு ஆர்டிஐ போட்டுப் பாருங்கள்" என்பதுதான் உடனே வரும் யோசனை.

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், நல்ல கருவிதான். இந்த வேலைக்கு எப்போதும் அதையே முதலில் எடுக்க வேண்டும் என்பதில்லை. இங்கிருந்து முயலக்கூடிய வழிகள் நான்கு: ஆர்டிஐ மனு, தொகுதி எம்.பி. மூலம் நாடாளுமன்றக் கேள்வி, தேசிய ஆவணக் காப்பகம், அயல்நாடுகளின் ஆவணங்கள். எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. அதனால் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஒன்று, 1949-ல் திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணனை, தத்துவப் பேராசிரியரை, மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பியது ஏன்? இரண்டு, 2000-ல் கோபாலகிருஷ்ண காந்தியைக் கொழும்புக்கு ஹைகமிஷனராக அனுப்பியது எப்படி? அவர் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அல்ல, தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர்; நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரன். மூன்று, இன்று ஏதோ ஒரு வளைகுடா நாட்டில் இருக்கும் நம் தூதர் எந்த முறையில் தேர்வானார், அவருக்கு முன்னால் அந்த நாற்காலி எத்தனை நாள் காலியாகக் கிடந்தது?

கோப்பில் என்னென்ன தாள் இருக்கும் என்று தெரியாமல் எந்த வழியையும் எடை போட முடியாது. இந்தியாவில் பெரும்பாலான தூதர்கள் யூ.பி.எஸ்.சி. தேர்வு வழியே வந்த ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள். அமைச்சகம் பெயரை முன்மொழியும். ஊழல் கண்காணிப்புப் பிரிவின் (விஜிலென்ஸ்) தடையில்லாச் சான்று பார்க்கப்படும். பிரதமரின் ஒப்புதல் வேண்டும். அப்புறம் போகிற நாட்டிடம் இந்தப் பெயர் சம்மதமா என்று ரகசியமாகக் கேட்பார்கள். 1961 வியன்னா உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவுப்படி அந்த நாடு மறுக்கலாம், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் வந்த பிறகுதான் இங்கே செய்திக்குறிப்பு வெளியாகும். அதில் பெயர், எந்த ஆண்டு ஐ.எஃப்.எஸ்., இப்போது எங்கே இருக்கிறார், அடுத்து எங்கே போகிறார், விரைவில் பொறுப்பேற்பார் என்ற அளவுக்குத்தான் இருக்கும். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரத்தோடு தூதர் கிளம்பிவிடுவார். நாடாளுமன்றம் இந்த வரிசையில் எந்தப் படியிலும் இல்லை.

அந்த ரகசியச் சம்மதம் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2015-ல் இஸ்ரேல் தானி தயானைப் பிரேசிலுக்குத் தூதர் என்று முன்கூட்டியே அறிவித்தது. பிரேசில் சம்மதம் தராமலே நாளைக் கடத்தியது. கடைசியில் அவரை நியூயார்க்கில் கான்சல் ஜெனரலாக அனுப்பினார்கள். பெயர் வெளியே வந்தபின் பின்வாங்குவது இரண்டு நாட்டுக்கும் தலைகுனிவு. கோப்பின் இந்தப் பகுதியை மூடி வைப்பதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மற்ற பகுதிகளையும் அதோடு சேர்த்து மூடுவதுதான் பிரச்சினை.

ஆர்டிஐ

கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். ஆனால் அங்கே மனுவைத் தட்டச்சும் கட்டம் ஆங்கில எழுத்தைத்தான் ஏற்கும், அதுவும் 3,000 எழுத்துக்குள். தமிழில் எழுத நினைப்பவர் தாளில் எழுதி, போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்புவது மேல். மனு செய்யும் பகுதியின் ஆட்சிமொழியிலும் கேட்கலாம் என்று சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் டெல்லி அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போனால் சிக்கல் குறைவு; உரிமையை நிலைநாட்டுவதா, பதிலை வாங்குவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மத்திய அரசுத் துறைகளுக்கான மனுக்களைக் குறிப்பிட்ட சில அஞ்சலகங்களிலேயே வாங்கி அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அதற்கு 5 நாள் கூடுதலாகும்.

இத்தனை எளிதாக உள்ளே நுழைந்த மனு முட்டி நிற்கும் இடம், தகவலை மறுக்கக்கூடிய காரணங்களை அடுக்கும் 8-ஆவது பிரிவு. அயல்நாட்டு உறவுக்குப் பாதகம் என்றால் 8(1)(அ) என்று வைத்துக்கொள்ளலாம், ஆங்கில வரிசையில் ஏ. வெளிநாட்டு அரசிடமிருந்து நம்பிக்கையில் வந்த தகவல் என்றால் எஃப்; சம்மதக் கடிதம் இதில்தான் வரும். அமைச்சரவைத் தாள்கள் ஐ. தனிப்பட்ட தகவல் ஜே. தூதருடைய பணிப் பதிவேட்டையோ மதிப்பீட்டு அறிக்கையையோ கேட்டால் ஜே போட்டுத் திருப்பிவிடுவார்கள். பணிப் பதிவேடு, மெமோ போன்றவை தனிப்பட்ட தகவல் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் சொல்லிவிட்டது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உட்பிரிவைச் சுருக்கி, அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் விலக்கை எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. மனுவில் அதை நாமே எடுத்துச் சொல்லி வாதாட வேண்டும்.

"ஏன்" என்று தொடங்கும் மனுதான் இங்கே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது தோற்கும். சட்டத்தில் தகவல் என்றால் ஏற்கெனவே தாளிலோ கணினியிலோ இருப்பது. ஏன் செய்தீர்கள் என்பதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டிய கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 2008-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு இதைத் தெளிவாகவே சொன்னது. முடிவுக்கான காரணத்தைத் தர வேண்டும் என்கிற 4(1)(டி) பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே. கூழ் ஆலைக்காரர் தூதர் நியமனத்தால் பாதிக்கப்பட்டவர் என்று நிரூபிப்பதற்குள் இரண்டு மாம்பழ சீசன் போய்விடும்.

ஆனால் 20 ஆண்டு கடந்த விஷயங்களுக்கு 8(3) என்று ஒரு கதவு இருக்கிறது, அதைப் பலர் தட்டுவதே இல்லை. மனு போடும் நாளுக்கு 20 ஆண்டு முன்பு நடந்த விஷயமென்றால், தடைகளில் பெரும்பாலானவை விழுந்துவிடும். ஏ, சி (நாடாளுமன்றச் சிறப்புரிமை), ஐ மூன்றும்தான் மிஞ்சும். அதாவது எஃப், ஜே இரண்டையும் காரணம் காட்ட முடியாது. நம் இரண்டாவது கேள்வி இதற்குப் பொருந்துகிறது. ஆனால் 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்த ஆண்டு அது. கொழும்பு பற்றிய அரசியல் குறிப்புகளுக்கு ஏ பிரிவைத் தூக்கிப் பிடிப்பார்கள். எனவே முழுக் கோப்பையும் கேட்காமல், ஐ.எஃப்.எஸ். அல்லாத ஒருவரை நியமிக்கப் பின்பற்றிய விதி, முன்மொழிவுக் குறிப்பு, ஒப்புதல் ஆணை என்று தனித்தனியாகக் கேட்டு, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடுங்கள் என்று 10-ஆவது பிரிவையும் ஒரு வரி சேர்த்தால் ஏதாவது கையில் வர வாய்ப்புண்டு.

எம்.பி. மூலம்

இரண்டு மாவட்டத்துக்கும் ஆளுக்கொரு மக்களவை உறுப்பினர் இருக்கிறார். 15 நாள் முன்னறிவிப்போடு அவர் எழுத்துப்பூர்வக் கேள்வி அனுப்பலாம். அமர்வு நாள் ஒன்றுக்கு மக்களவையில் நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வது) 20, நட்சத்திரமில்லாதது (எழுத்தில் மட்டும் பதில்) 230 என்ற வரம்பு. எண்ணிக்கை சார்ந்த பதிலுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. எத்தனை தூதரகங்களில் தலைமைப் பதவி காலி, எத்தனை பேர் ஐ.எஃப்.எஸ். அல்லாதவர்கள் என்றெல்லாம் ஆர்டிஐயில் கேட்டால், தொகுத்துத் தர வேண்டிய கடமை இல்லை என்று பதில் வரலாம். அமைச்சர் அவையில் வைக்கும் பதிலில் அமைச்சகம் தொகுத்தே ஆக வேண்டும். தனிநபர் பற்றிய கேள்வியும் ரகசிய விஷயமும் அனுமதிக்கப்படாது என்பதால் முதல் இரண்டு கேள்விகளுக்கு இது உதவாது. வெளியுறவுக்கான நிலைக்குழு ஆள்பற்றாக்குறை பற்றி எழுதும் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும். கேள்வி அனுப்புவதற்கு முன் அவற்றைப் படித்துவிட்டுப் போனால் எம்.பி. அலுவலகத்திலும் மதிப்பு.

தேசிய ஆவணக் காப்பகம்

டெல்லி ஜன்பத்தில் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு பொது ஆவணச் சட்டத்தின்படி 25 ஆண்டு கடந்த, ரகசிய முத்திரை இல்லாத கோப்புகள் இங்கே வந்துசேர வேண்டும். ரயில் நிலையமே இல்லாத கிருஷ்ணகிரியிலிருந்து முதலில் பெங்களூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போய், அங்கிருந்து டெல்லி ரயில் பிடித்து, தங்கி, கோப்புக் கேட்டு, காத்திருப்பது செலவுள்ள வேலை. நல்லவேளையாக 2015-ல் தொடங்கிய 'அபிலேக் படல்' தளத்தில் மின்னாக்கம் செய்த கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் பழைய கோப்புகளும் அதில் உண்டு. தேடலில் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டும், பொறுமை வேண்டும்.

ராதாகிருஷ்ணன் கேள்விக்கு இதுதான் முதல் வாசல். காப்பகத்தில் கிடைக்காதது டெல்லி தீன் மூர்த்தி வளாக நூலகத்தில் கிடைக்கலாம். விஜயலட்சுமி பண்டிட், ராஜாஜி போன்றவர்களின் தனிக்கடிதத் தொகுப்புகள் அங்கே இருக்கின்றன. பண்டிட் மாஸ்கோவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியதால்தான் ராதாகிருஷ்ணனுக்கு இடம் வந்தது. அந்தக் காலத்து நியமனங்களில் நேரு கைப்பட எழுதிய கடிதங்களே கோப்பைவிடக் கூடுதலாகப் பேசும், அவையும் தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. "ஏன்" என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் கிடைப்பது இந்த மாதிரி இடத்தில்தான், அதுவும் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச்சேர்ந்த பிறகு.

25 ஆண்டு என்ற கணக்கை நம்பி இரண்டாவது கேள்விக்கும் இங்கே வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சட்டம் சொல்வதால் மட்டும் கோப்பு நடந்து வந்துவிடாது. 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-இன் ஆவணங்கள்தான் தங்களிடம் இருக்கின்றன, 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் இல்லை என்று 2022 டிசம்பரில் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சகம் ரகசிய முத்திரையை எடுக்காத வரை காப்பகத்தின் கையில் ஒன்றும் இல்லை.

அயல்நாட்டு ஆவணங்கள்

தர்மபுரிக்காரர் அமெரிக்க அரசிடம் ஆவணம் கேட்க முடியுமா? முடியும். நம் ஆர்டிஐ குடிமக்களுக்கு மட்டும். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பிரிட்டனிலும் அப்படியே. சாதாரண மனுதாரருக்கு அமெரிக்காவில் 2 மணி நேரத் தேடலும் 100 பக்க நகலும் இலவசம். பிரிட்டனின் மத்தியத் துறைகளில் தேடும் செலவு 600 பவுண்டைத் தாண்டாத வரை பெரும்பாலும் கட்டணம் இல்லை, 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையில் மனு ஆண்டுக்கணக்கில் தூங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனுவே தேவைப்படாத அளவுக்கு அமெரிக்காவில் நிறைய முன்கூட்டியே வெளிவந்துவிடும். அங்கே அதிபர் பெயரைச் சொல்வார். செனட் சம்மதிக்க வேண்டும். வெளியுறவுக் குழு பொதுவில் விசாரிக்கும். வேட்பாளரின் சொத்து விவரப் படிவம், அவரும் குடும்பத்தாரும் கொடுத்த தேர்தல் நன்கொடைப் பட்டியல், இவருக்கு என்ன தகுதி என்று அரசு தரும் சான்று எல்லாம் பதிவில் இருக்கும். தேர்தல் நன்கொடை தூதர் பதவிக்குக் காரணமாகக் கூடாது என்று 1980-ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் நன்கொடை திரட்டியவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், வெளிச்சத்தில் போகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். 2013-ல் நார்வேக்கு முன்மொழியப்பட்ட ஜார்ஜ் சுனிஸ், மன்னராட்சி நாடான நார்வேக்கு அதிபர் இருப்பதுபோல் 2014-ல் நடந்த விசாரணையில் பேசிவிட்டார். அந்த ஆண்டு இறுதிக்குள் பெயர் விலகியது. நம் கோபாலகிருஷ்ண காந்தி 2002-ல் தூதராகப் போனதும் அதே நார்வேக்குத்தான். அவரை எந்தக் குழுவும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகவே பதில் சொல்லியிருப்பார், அதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குத்தான் போயிற்று.

இதைப் படித்துவிட்டு நமக்கும் செனட் முறை வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. டெல்லிக்கு எரிக் கார்செட்டியின் பெயர் 2021 ஜூலையில் வந்தது, சம்மதம் 2023 மார்ச்சில்தான் கிடைத்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் டெல்லியில் முழுநேர அமெரிக்கத் தூதர் இல்லை. வளைகுடாவில் நம் நாற்காலி அப்படிக் காலியாகக் கிடந்தால் அடிபடப்போவது நம் ஊர்த் தொழிலாளி.

பிரிட்டன் வேறு மாதிரி. நம்மைப் போலவே அங்கும் பிரதமர் முடிவு, நாடாளுமன்றச் சம்மதம் தேவையில்லை. 2024 டிசம்பரில் பீட்டர் மேண்டல்சனை வாஷிங்டனுக்கு அறிவித்தார்கள். பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற அமெரிக்கர் ஜெஃப்ரி எப்ஸ்டீனுடன் இருந்த தொடர்பு பற்றிய மின்னஞ்சல்கள் வெளிவந்ததும் 2025 செப்டம்பரில் நீக்கினார்கள். நியமிக்கும் முன் என்ன விசாரித்தீர்கள், யார் என்ன எச்சரித்தார்கள் என்று ஆவணங்களைக் கேட்டு 2026 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. மன்னரிடம் விண்ணப்பிக்கும் வடிவில் அமைந்த பழைய நாடாளுமன்ற முறை அது. 2018-ல் பிரெக்ஸிட் பற்றிய சட்ட ஆலோசனையை அரசிடமிருந்து வெளியே கொண்டுவந்ததும் அதே முறைதான். பெரும்பான்மை ஒத்துழைத்தால்தான் அது நடக்கும் என்பது அதன் பலவீனம். சாதாரண நாளில் பிரிட்டிஷ் கோப்பும் மூடியே இருக்கும். 20 ஆண்டு கழித்து லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்துக்குப் போகும்.

இந்தியத் தூதர்களைப் பற்றிய கேள்விக்கு இதெல்லாம் எதற்கு என்றால், டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய தூதரகங்கள் நம் நியமனங்களைப் பற்றி ஊருக்கு எழுதிக்கொண்டே இருக்கும். 1973 முதல் 1979 வரையிலான அமெரிக்க வெளியுறவுத் தந்திகள் அவர்களுடைய தேசியக் காப்பகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. 1976-ல் ஐ.கே. குஜ்ரால் மாஸ்கோ போனது, 1977-ல் நானி பல்கிவாலா வாஷிங்டன் போனது போன்ற அந்தக் காலத்து நியமனங்களை ஆராய்பவர் இங்கிருந்து தொடங்கலாம். அடுத்தவர் பார்வை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

எதை எடுப்பது

ராதாகிருஷ்ணன் கேள்விக்கு அபிலேக் படல், பிறகு அச்சான கடிதங்கள், பணம் இருந்தால் டெல்லி. ஆர்டிஐ வேண்டாம், காப்பகத்தில் இருக்கிறது போய்ப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். கோபாலகிருஷ்ண காந்தி கேள்விக்கு 8(3)-ஐக் குறிப்பிட்டு ஆர்டிஐ. கல்லூரி ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இந்த இரண்டில் முதலாவதை எடுத்தால் குறித்த நேரத்தில் முடியும்.

மூன்றாவது, நம் ஊருக்கு நேரடியாகத் தேவைப்படும் கேள்வி. எண்ணிக்கைக்கு எம்.பி., தேதிகளுக்கு ஆர்டிஐ என்று பிரித்துக்கொள்வேன். முந்தைய தூதர் பொறுப்பை ஒப்படைத்த தேதி, புதியவர் பொறுப்பேற்ற தேதி, இடையில் பொறுப்பு வகித்தவரின் பதவி, நியமனத்துக்குப் பொருந்தும் விதி அல்லது வழிகாட்டுதலின் நகல். இந்த நான்கையும் எந்த உட்பிரிவைக் காட்டியும் மறுப்பது கடினம். உண்மையான கவலை தூதரகம் தொழிலாளர்களுக்கு என்ன செய்கிறது என்பதாக இருந்தால், நியமனத்தை விட்டுவிட்டு அந்தத் தூதரகத்தின் தகவல் அலுவலருக்கே மனு போட்டு, இந்தியச் சமூக நல நிதியில் ஆண்டுவாரியாகச் செலவான தொகையைக் கேளுங்கள். அந்த எண்கள் தூதரின் தகுதியைப் பற்றி அவருடைய பணிப் பதிவேட்டைவிட அதிகம் சொல்லும்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். அங்கே முறை வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வந்தபின் விசாரணைக்காக டெல்லி போக வேண்டியதில்லை. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள தேசியத் தகவலியல் மையத்திலிருந்தே காணொலியில் பேசலாம். மனுவின் நகலையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள்.